நீல விளக்கும் சிட்டிகை மஞ்சளும்

"அண்ணா, லைட் நல்லாத்தான் எரியுது. ஆனா ஃபில்லிங் நிக்கவே மாட்டேங்குது."

பாளையங்கோட்டையில் மாடியில் இருக்கிற சின்ன கிளினிக். ஒரே ஒரு சேர், பால்கனியில் கம்ப்ரஸர், சுவரில் சிரிக்கிற பல் படம். டாக்டர் படிப்பை முடித்து வந்து இரண்டு வருஷம் ஆகியிருக்கும். மூன்று மாதத்தில் நாலு பேர் திரும்பி வந்துவிட்டார்களாம். ஒருவருக்கு அடைத்தது அப்படியே பெயர்ந்து வந்திருக்கிறது, மற்ற மூன்று பேருக்கும் கூச்சம். "மெட்டீரியலை மாத்திட்டேன், பாண்டிங்கையும் மாத்திட்டேன்" என்று அலுத்துக்கொண்டார்.

நான் பல் மருத்துவக் கருவிகளைப் பழுது பார்க்கிறவன். இருபத்திரண்டு வருஷமாக இதுதான் பிழைப்பு. "லைட் நல்லாத்தான் எரியுது" என்று யார் சொன்னாலும் என் கை தானாகப் பைக்குள் மீட்டரைத் தேடும். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய கறுப்பு டப்பா, மேலே வட்டமாக ஒரு கண்ணாடி ஜன்னல். லைட்டின் முனையை அந்த ஜன்னலில் வைத்துப் பொத்தானை அழுத்தினேன். 180 காட்டியது. சதுர சென்டிமீட்டருக்கு இத்தனை மில்லிவாட் என்பது கணக்கு. பழைய காலத்து லைட்டுக்கே 400 ஆவது வேண்டும் என்போம். இப்போதைய எல்.இ.டி. லைட் புதிதாக இருந்தால் 1000-ஐத் தொடும்.

முனையை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன். நடுவில் உளுந்து அளவுக்கு ஒரு பொருக்கு. பல்லில் வைத்த பசை முனையில் தொட்டு, அங்கேயே வெளிச்சம் பட்டு இறுகிப்போயிருந்தது. தன் வாயைத் தானே அடைத்துக்கொண்ட விளக்கு. அந்த நேரத்திலும் கிளினிக் சுவரெல்லாம் நீலமாகத்தான் இருந்தது. டாக்டரைக் குறை சொல்ல முடியாது. கண்ணால் பார்த்தால் யாருக்குமே அது நல்ல லைட்தான்.

அந்தப் பொருக்கைச் சுரண்டுவதற்கு முன்னால் இன்னொரு வேலை செய்தேன். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

பல் அடைத்துக்கொண்டவர்களுக்கு இந்த லைட்டைத் தெரிந்திருக்கும். சொத்தையைக் குடைந்து எடுத்த பள்ளத்தில் பல் நிறத்தில் ஒரு பசையை அப்பி, அதன் மேல் நீல வெளிச்சத்தைக் காட்டுவார்கள். பீப், பீப் என்று சத்தம். 20 விநாடியில் பசை கல்லாகிவிடும். வருகிறவர்கள் இதை 'சிமெண்ட் வைத்தார்கள்' என்பார்கள். டாக்டர்கள் கம்போசிட் என்பார்கள். எங்கள் பக்கம் நீலத்தையும் ஊதா என்றே சொல்கிற வழக்கம் உண்டு. அதனால் ஒரு குழப்பம். "இது அந்த ஊதாக் கதிரா டாக்டர்? கேன்சர் வருமா?" என்று ஒரு பெரியவர் சேரில் படுத்தபடியே கேட்டதை நான் பக்கத்தில் இருந்து கேட்டிருக்கிறேன். புற ஊதா வேறு, இது வேறு. இது கண்ணுக்குத் தெரிகிற சாதாரண நீலம், வானவில்லில் இருக்கிற அதே நீலம். ஆனால் அவர் கேட்டதிலும் ஒரு நியாயம் இருக்கிறது. ஒரு காலத்தில் அது நிஜமாகவே புற ஊதாவாகத்தான் இருந்தது. அந்தக் கதைக்கு அப்புறம் வருகிறேன்.

முதலில் பசை. பல்லடைக்கும் பசையில் எடைக்குப் பெரும்பகுதி கண்ணாடித் தூளும் சிலிக்காவும்தான். அவற்றைப் பிடித்து வைத்திருப்பது பிஸ்-ஜி.எம்.ஏ. என்கிற பிசின். அமெரிக்க தேசியத் தர நிர்ணயக் கூடத்தில் வேலை பார்த்த ரஃபேல் போவன் உருவாக்கி, 1962-ல் காப்புரிமை பெற்றது. தனியாகப் பார்த்தால் தேனைவிடக் கெட்டி. அதனால் அதை இளக்க இன்னொரு மெல்லிய பிசினையும் கலப்பார்கள். இந்த மூலக்கூறுகளின் இரண்டு முனையிலும் இரட்டைப் பிணைப்பு இருக்கும். அந்தப் பிணைப்பு திறந்தால் பக்கத்தில் இருப்பதோடு கோத்துக்கொள்ளும். ஆனால் தானாகத் திறக்காது. யாராவது தொடங்கி வைக்க வேண்டும்.

சின்ன வயதில் ஓடிப் பிடிக்கிற ஆட்டத்தில் ஒரு வகை விளையாடியிருப்போம். பிடிபட்டவன் பிடித்தவனோடு கைகோத்துக்கொள்ள வேண்டும். இருவரும் சேர்ந்து மூன்றாவது ஆளைத் துரத்துவார்கள். கோத்த கை நீண்டுகொண்டே போகும், கடைசியில் இருப்பவனின் ஒற்றைக் கைதான் எப்போதும் அடுத்த ஆளைத் தேடும். பாலிமர், அதாவது மூலக்கூறுகள் கோத்துக்கொண்ட நீளச் சங்கிலி, வளர்வதும் கிட்டத்தட்ட இப்படித்தான். அந்த ஒற்றைக் கைக்குப் பெயர் தனி உறுப்பு, ஜோடியில்லாத ஓர் எலக்ட்ரான். முதல் ஒற்றைக் கை எங்கிருந்து வருகிறது என்பதுதான் கேள்வி. வெளிச்சத்தின் வேலை அவ்வளவுதான், முதல் கையை நீட்ட வைப்பது. அப்புறம் நடக்கிற ஆட்டத்துக்கு அது தேவையே இல்லை. லைட்டை அணைத்த பிறகும் பல்லுக்குள் ஒரு நாள் வரைக்கும்கூட இறுக்கம் மெதுவாகக் கூடிக்கொண்டே இருக்கும்.

இங்கேதான் எனக்குப் பிடித்த விஷயம் வருகிறது. பிசினுக்கு நிறமில்லை. நிறமில்லாத பொருளின் வழியாக நீல ஒளி அப்படியே கடந்து போய்விடும், எதையும் செய்யாது. வெளிச்சத்தை விழுங்குவதற்கு ஒரு நிறம் வேண்டும். அதற்காகப் பசையில் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவாக ஒரு மஞ்சள் பொடியைச் சேர்க்கிறார்கள். பெயர் கேம்ஃபர்குவினோன். பெயரிலேயே இருக்கிறது கேம்ஃபர், அதாவது கற்பூரம். நம் வீட்டுச் சூடம்.

பி.எஸ்சி. வேதியியல் படித்தபோது இதைப் பரீட்சைக்காக மனப்பாடம் செய்திருக்கிறேன். கற்பூரத்தை செலீனியம் டையாக்சைடு போட்டு ஆக்சிஜனேற்றம் செய்தால் கேம்ஃபர்குவினோன். கற்பூர மூலக்கூறில் ஏற்கெனவே ஓர் இடத்தில் ஆக்சிஜன் இரட்டைப் பிணைப்போடு உட்கார்ந்திருக்கிறது. அதற்குப் பக்கத்துக் கார்பனில் இருக்கிற இரண்டு ஹைட்ரஜனை எடுத்துவிட்டு இன்னொரு ஆக்சிஜனை உட்கார வைத்தால் வேலை முடிந்தது. வெள்ளைக் கற்பூரம் பளிச்சென்ற மஞ்சளாகிவிடும். இரண்டு ஆக்சிஜனும் அக்கம்பக்கத்தில் இருப்பதால் அது நீல ஒளியை விழுங்கத் தொடங்குகிறது. அதிகமாக விழுங்குவது 468 நானோமீட்டரில். வெள்ளை வெளிச்சத்தில் நீலத்தை எடுத்துவிட்டால் மிச்சம் நம் கண்ணுக்கு மஞ்சள்.

மனப்பாடம் செய்த காலத்தில் இது பல்லடைக்கப் பயன்படும் என்று எந்த வாத்தியாரும் சொல்லவில்லை. வேலைக்கு வந்து ஏழெட்டு வருஷம் கழித்து ஒரு பசை டியூப்போடு வந்த தாளைப் படித்தபோதுதான் கண்ணில் பட்டது. அம்மாவிடம் சொன்னேன். "ஏல, சூடத்தையா வாயில வைக்கிய?" என்றாள். கரையாது, எரியாது, நூற்றில் ஒரு பங்குகூட இல்லை என்று விளக்கினேன். அவளுக்கு அது நல்ல சகுனமாகப் பட்டுவிட்டது, அத்தோடு பேச்சு முடிந்தது. இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். இன்று கடையில் விற்கிற கற்பூரத்தில் பெரும்பாலானது கற்பூர மரத்திலிருந்து வருவதில்லை. பைன் மரப் பிசினில் இறக்கும் டர்பன்டைனிலிருந்து தொழிற்சாலையில் செய்வது. ஆரத்தித் தட்டுக்கும் பல் டாக்டரின் டிரேக்கும் ஊற்று ஒன்றுதான்.

நீல ஒளியை விழுங்கிய கேம்ஃபர்குவினோன் தானே உடைந்துவிடாது. உடைக்கிற அளவுக்கு அதில் தெம்பு இல்லை. கணக்குப் போட்டுப் பாருங்கள். 468 நானோமீட்டர் ஒளியின் ஆற்றல் மோலுக்கு 256 கிலோஜூல். சாதாரண கார்பன்-கார்பன் ஒற்றைப் பிணைப்பை அறுக்க ஏறக்குறைய 350 வேண்டும். ஆகவே நீல ஒளி ஒரு மூலக்கூறைத் தட்டி எழுப்பலாம், வெட்ட முடியாது. எழும்பிய கேம்ஃபர்குவினோன் பக்கத்தில் ஓர் அமீனைத் தேடுகிறது. அமீன் என்பது நைட்ரஜன் உள்ள சேர்மம், பசையில் அதையும் கொஞ்சம் கலந்திருப்பார்கள். அதனிடமிருந்து ஒரு ஹைட்ரஜனைப் பிடுங்கிக்கொள்கிறது. ஹைட்ரஜனைப் பறிகொடுத்த அமீன்தான் ஒற்றைக் கையோடு நின்று சங்கிலியைத் தொடங்குகிறது. விழுங்குவது ஒருவர், வேலை செய்வது இன்னொருவர். அமீன் இல்லாத பசையின் மேல் எவ்வளவு நேரம் லைட்டைப் பிடித்தாலும் இறுக்கம் மந்தமாகத்தான் இருக்கும்.

அந்த மஞ்சளுக்கு என்ன ஆகிறது என்பதைக் கண்ணாலேயே பார்க்கலாம். பசையில் ஒரு கடுகளவு எடுத்துக் கண்ணாடிப் பலகையில் வைத்து, பக்கத்தில் இன்னொரு கடுகு வையுங்கள். ஒன்றுக்கு மட்டும் லைட்டைக் காட்டுங்கள். காட்டியது ஒரு படி வெளுத்துத் தெரியும். நீலத்தை விழுங்கிய மஞ்சள் அந்த வினையிலேயே செலவாகிப்போகிறது. மேலே மஞ்சள் வெளுக்க வெளுக்க, அடியில் இருப்பதற்கும் வெளிச்சம் கொஞ்சம் கொஞ்சமாகக் கிடைக்கிறது. தன் வேலை முடிந்ததும் வழிவிடுகிற மஞ்சள். எத்தனை கிளினிக்கில் பார்த்தாலும் எனக்கு இது அலுக்கவில்லை.

நிறம் இருந்தால்தான் ஒளி வேலை செய்யும் என்பது பல்லுக்கு மட்டும் உரிய சங்கதி இல்லை. பிரான்சில் நிசேஃபோர் நியெப்ஸ் 1820-களில் ஒரு தகட்டில் பூசியது யூதேயா நாட்டுத் தார். பழுப்பு நிறம். வெளிச்சம் பட்ட இடத்தில் அது இறுகியது, படாத இடத்தை லாவெண்டர் எண்ணெய் கரைத்து எடுத்துவிட்டது. மிச்சம் நின்றது அவர் வீட்டு ஜன்னலுக்கு வெளியே இருந்த கூரைகளின் படம். உலகில் நமக்குக் கிடைத்திருக்கிற மிகப் பழைய கேமரா புகைப்படம் அதுதான், வேதியியல் கண்ணால் பார்த்தால் வெளிச்சத்தில் இறுகிய பிசின். 1872-ல் ஜெர்மனியில் ஓயிகன் பவுமன் நிறமில்லாத வினைல் குளோரைடைக் குழாயில் அடைத்து வெயிலில் வைத்தார், வெள்ளைப் பொருள் படிந்தது. இன்று நம் வீட்டுக் குழாயெல்லாம் அந்தப் பொருள்தான், அதாவது பி.வி.சி. ஆனால் அதற்குச் சூரியன் தேவைப்பட்டது.

கண்ணுக்குத் தெரிகிற ஒளியை வேண்டுமென்றே தேர்ந்தெடுத்து, அதை விழுங்க ஒரு சாயத்தையும் சேர்த்துப் பாலிமர் செய்யலாம் என்று 1954-ல் காட்டியவர் புரூக்ளினில் இருந்த ஜெரால்டு ஆஸ்டர். ரத்தப் பரிசோதனைக் கூடங்களில் செல்லுக்கு ஏற்றுகிற சிவப்புச் சாயமான இயோசின் மாதிரியான சாயங்கள், கூடவே எலக்ட்ரானை எளிதில் கொடுக்கிற ஒரு துணைப்பொருள். விழுங்க ஒன்று, கொடுக்க ஒன்று. இருபது வருஷம் கழித்துப் பல்லுக்குள் வந்த ஏற்பாடும் இதே சாயலில்தான் இருந்தது.

அதற்கு மூன்று வருஷம் முன்பே, 1951-ல், மான்செஸ்டரில் இவான்ஸ், சாந்தப்பா, யூரி என்று மூன்று பேர் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். தண்ணீரில் கரைத்த இரும்பு உப்பின் மேல் ஒளி விழுந்தால் வினைல் சேர்மங்கள் பாலிமராகின்றன என்பது விஷயம். அந்தக் கரைசலிலும் ஒளியை விழுங்குவது இரும்புதான். இவர்களில் நடுவில் இருக்கிற சாந்தப்பா பின்னாளில் சென்னைப் பல்கலைக்கழகத்தில் வேதியியல் பேராசிரியராக இருந்து, அடையாறு மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனத்தின் இயக்குநராகி, பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராகவும் ஆனவர். ஒளியால் பாலிமர் செய்கிற ஆராய்ச்சியைச் சென்னைக்குக் கொண்டுவந்த ஆள். கல்லூரியில் எனக்கு இந்தப் பெயரை யாரும் சொல்லித்தரவில்லை என்பதில் கொஞ்சம் வருத்தம் உண்டு.

சரி, பல்லுக்கு வருவோம். 1955-ல் மைக்கேல் புவனகோர் பல்லின் எனாமலை அமிலத்தால் அரித்தால் பிசின் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும் என்று காட்டினார். சொத்தையைக் குடைந்து வெள்ளியும் பாதரசமும் கலந்த அமால்கம் அடைத்துக்கொண்டிருந்த காலம் அது. வெள்ளை அடைப்புக்கு அப்போது இரண்டு பசையைக் கலந்து அப்ப வேண்டும். கலந்த கையோடு கடிகாரம் ஓடத் தொடங்கிவிடும், டாக்டர் வடிவம் கொடுப்பதற்குள் இறுகிவிடும். 1970 வாக்கில் புற ஊதா லைட் வந்தது. இப்போது டாக்டர் சொன்னால்தான் பசை இறுகும், அது பெரிய சௌகரியம். ஆனால் புற ஊதா பல்லுக்குள்ளும் பசைக்குள்ளும் ஆழமாகப் போகாது. கண்ணுக்கும் ஈறுக்கும் கேடு. பாதரச விளக்கு சூடேறி நிலைக்கு வரவே நேரமாகும். பெரியவரின் பயம் அன்றைக்கு நியாயமான பயம்.

இங்கிலாந்தின் ஐ.சி.ஐ. நிறுவனத்தில் கேம்ஃபர்குவினோனும் அமீனும் சேர்ந்த பசையை உருவாக்கினார்கள். 1976-ல் மான்செஸ்டர் பல் மருத்துவக் கல்லூரியில் முகமது பாசியூனி என்ற டாக்டர் முதன்முதலாக நீல ஒளியில் இறுகும் அடைப்பை ஒருவர் பல்லில் வைத்தார். வாயைத் திறந்து காட்டியவர் ஐ.சி.ஐ.யில் அந்த வேலையை முன்னின்று நடத்தியவரேதான். தான் செய்த பொருளைத் தன் பல்லிலேயே வைத்துப் பார்த்துக்கொண்ட மனிதர். எனக்கு இந்த மாதிரி ஆட்கள் மேல் தனி மரியாதை.

நான் தொழிலுக்கு வந்தபோது எல்லா கிளினிக்கிலும் ஹாலஜன் லைட். துப்பாக்கி வடிவம், கைப்பிடியில் விசிறி, உர்ரென்ற சத்தம். உள்ளே 12 வோல்ட், 75 வாட் பல்பு. அது எல்லா நிறத்தையும் கொட்டும், முன்னால் இருக்கிற ஃபில்டர் கண்ணாடி நீலத்தை மட்டும் விட்டுவிட்டு மற்றதைத் தடுக்கும். மின்சாரத்தில் பெரும்பங்கு சூடாகத்தான் போகும். நான் மாற்றிய பல்புகளுக்குக் கணக்கில்லை. பல்பைவிட ஃபில்டர்தான் ஏமாற்றும். சூட்டில் அதன் பூச்சு கொப்பளித்து உரிந்துவிடும். பல்பு வழக்கம்போல் எரியும், வெளிச்சம் கண் கூசும், ஆனால் அதில் நீலம் குறைந்துபோயிருக்கும். முன்னாலேயே சொன்ன அதே கதைதான்: டாக்டர் கண்ணுக்கு எல்லாம் சரியாக இருக்கும்.

1993-ல் ஜப்பானில் ஷூஜி நாகாமுரா பிரகாசமான நீல எல்.இ.டி.யைச் செய்து காட்டினார். பின்னாளில், 2014-ல், அகாசாகி, அமானோ இருவரோடும் சேர்த்து அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. பல்லடைக்கிற பசைக்காக யாரும் அதைச் செய்யவில்லை. ஆனால் காலியம் நைட்ரைடு எல்.இ.டி. கொடுக்கிற நீலம், கேம்ஃபர்குவினோன் கேட்கிற நீலத்தின் மேல் அச்சாகப் பொருந்தியது. ஃபில்டர் வேண்டாம், விசிறி வேண்டாம், பேட்டரி போதும். இங்கிலாந்தில் ராபின் மில்ஸ் 1990-களின் நடுவில் இதைப் பல்லுக்குப் பயன்படுத்தலாம் என்று எழுதினார். எங்கள் ஊருக்கு வந்து சேர அப்புறமும் பத்து வருஷம் ஆயிற்று. பல்பு மாற்றுகிற வருமானம் எனக்கு அத்தோடு போயிற்று, அது தனிக் கதை.

இப்போது வருகிற லைட்டுகளைப் பற்றி ஒரு வார்த்தை. பெட்டியில் 2500, 3000 என்று போட்டு, மூன்று விநாடி போதும் என்று விற்கிறார்கள். 400 மில்லிவாட்டை 40 விநாடி காட்டினால் 16 ஜூல். 1000 மில்லிவாட்டை 20 விநாடி காட்டினால் 20 ஜூல். அந்தக் கணக்கில் 3000-ஐ மூன்று விநாடி காட்டினால் 9 ஜூல்தான். கணக்கு ஒத்துவந்தாலும்கூட, ஒரேயடியாக அவ்வளவு ஒற்றைக் கைகளை நீட்ட வைத்தால் அவை ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு ஆட்டத்தை முடித்துவிடும், சங்கிலி குட்டையாகிவிடும். பல்லும் சூடாகும். அதற்கென்றே செய்த பசைகள் இருக்கின்றன, மறுக்கவில்லை. ஆனால் சாதாரணப் பசையை வைத்துவிட்டு மூன்று விநாடியில் எழுந்து போகிறவரிடம் நான் பல் அடைத்துக்கொள்ள மாட்டேன்.

ஏன் இத்தனை கறார் என்றால், எனக்கே நடந்தது. நாலைந்து வருஷம் முன்பு வெளியூரில் ஒரு கிளினிக்கில் கீழ்க் கடைவாய்ப் பல்லை அடைத்தேன். லைட் பிடித்த பெண் பக்கத்தில் யாரோடோ பேசிக்கொண்டே பிடித்தாள். முனை பல்லுக்கு ஒரு விரல்கடை தள்ளி, சாய்வாக, என் கன்னத்துக்கு நல்ல வெளிச்சம் கொடுத்துக்கொண்டிருந்தது. வாய் திறந்திருக்கும்போது யாரிடமும் எதுவும் சொல்ல முடியாதே. ஒரு செண்டிமீட்டர் விலகினாலே பல லைட்டுகளில் பாதி போய்விடும். கடைவாய்ப் பல்லின் பின்பக்கப் பள்ளத்துக்கு அடியில் என்ன போய்ச் சேர்ந்திருக்கும்? எட்டு மாதத்தில் முறுக்கு கடிக்கும்போது பாதி வந்துவிட்டது. எடுத்துப் பார்த்தேன். மேல்பக்கம் நகத்தால் கீறினாலும் அசையவில்லை. அடிப்பக்கத்தில் ஊசியை அழுத்தினால் மெழுகு மாதிரி இறங்கியது. மேலே கல், அடியில் களி. பல் கூசியதற்கும் காரணம் அதுதான்.

இதனால்தான் ஒரு தடவைக்கு 2 மில்லிமீட்டருக்கு மேல் வைக்காதீர்கள் என்கிறார்கள். தடித்து வைத்தால் கீழே வெளிச்சம் போகாது. அடர்ந்த நிறப் பசையில் இன்னும் மோசம். இன்னொரு காரணமும் உண்டு. கைகோக்கும்போது மூலக்கூறுகள் நெருங்கி வருவதால் பசை கன அளவில் 2 முதல் 3 சதவீதம் சுருங்கும். பள்ளம் முழுவதையும் ஒரே வாயில் அடைத்தால் அந்தச் சுருக்கம் பல்லின் சுவரைப் பிடித்து இழுக்கும், அல்லது ஓரத்தில் மயிரிழை இடைவெளி விட்டுவிடும். கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்த்து அடுக்குவது அதற்குத்தான்.

அடுக்கும்போது ஒரு வேடிக்கை. ஒவ்வோர் அடுக்கின் மேல்பரப்பும் லைட் காட்டிய பிறகும் பிசுபிசுவென்று இருக்கும். காரணம் காற்று. ஆக்சிஜன் அந்த ஒற்றைக் கையைப் பிடித்துக்கொண்டு அடுத்த ஆளிடம் விடாமல் உட்கார்ந்துவிடும். ஆட்டத்தைக் கெடுக்க வந்த பையன். ஆனால் அந்தப் பிசுபிசுப்புதான் மேலே வைக்கிற அடுக்கோடு ஒட்டுவதற்குக் கைகொடுக்கிறது. கடைசி அடுக்குக்கு மட்டும் அது வேண்டாம். சில டாக்டர்கள் கிளிசரின் ஜெல்லைப் பூசி, காற்றை மறைத்துவிட்டு, இன்னொரு தடவை லைட் காட்டுவார்கள். பாலிஷ் போடும்போது எப்படியும் போய்விடும் என்று சிலர் விட்டுவிடுவார்கள்.

லைட்டோடு வருகிற ஆரஞ்சுத் தகட்டை நிறையக் கிளினிக்கில் பெட்டியிலேயே வைத்துவிடுகிறார்கள். நீலத்தின் எதிர் நிறம் ஆரஞ்சு, அதனால் அது நீலத்தை முழுங்கிவிடும். இந்த நீலம் விழித்திரைக்கு நல்லதல்ல. கண் கூசுகிறதே என்று பார்வையைத் திருப்பிக்கொண்டு லைட் பிடிப்பார்கள், முனை எங்கே போகிறது என்று பார்க்க மாட்டார்கள். தகட்டைப் போட்டால் கண்ணும் பிழைக்கும், குறியும் தப்பாது. இன்னொன்று, தலைக்கு மேலே எரிகிற சேர் லைட்டிலும் நீலம் உண்டு. டிரேயில் பசையைத் திறந்து போட்டுவிட்டு நோயாளியோடு பேசிக்கொண்டிருந்தால், திரும்பி வரும்போது அது பழைய புட்டு மாதிரி உதிரும்.

என் அண்ணன் மகள் பியூட்டி பார்லர் வைத்திருக்கிறாள். நகத்துக்குப் பூசுகிற ஜெல்லை ஒரு சின்ன விளக்குப் பெட்டிக்குள் கையை வைத்துக் காயவைப்பாள். அதுவும் காய்வதில்லை, இறுகுவதுதான். அந்த விளக்கின் ஒளி புற ஊதாவுக்கும் ஊதாவுக்கும் எல்லையில், 365-லும் 405 நானோமீட்டரிலும் இருக்கும். அந்த ஜெல்களில் பலவற்றில் ஒளியை விழுங்கும் வேலையை டி.பி.ஓ. என்கிற பாஸ்பரஸ் சேர்மம் செய்தது. அது தானே இரண்டாக உடைந்து தொடங்கிவைக்கும், அமீன் வேண்டாம். மஞ்சள் தங்காது என்பதால் வெளுத்த பற்களுக்கான சில பசைகளிலும் அதைச் சேர்க்கிறார்கள். 2025 செப்டம்பர் 1 முதல் ஐரோப்பிய ஒன்றியம் அழகுசாதனப் பொருள்களில் டி.பி.ஓ.வைத் தடை செய்துவிட்டது. "சித்தப்பா, எங்கிட்ட இருக்கிற பாட்டில்ல அது இருக்கா?" என்று கேட்டாள். உட்கார்ந்து ஏழு பாட்டிலின் பொடி எழுத்தைப் படித்தோம். ஐந்தில் இருந்தது.

இப்போது ஆராய்ச்சிக்கூடங்களில் நீலத்தையும் தாண்டிப் போய்விட்டார்கள். 2012-ல் அமெரிக்காவில் ஃபோர்ஸும் ஹாக்கரும் லைட்டைப் போட்டால் சங்கிலி வளரும், அணைத்தால் நிற்கும், மறுபடி போட்டால் விட்ட இடத்திலிருந்து வளரும் என்று செய்து காட்டினார்கள். சிட்னியில் சிரில் போயரின் குழு 2015-ல் பசலைக் கீரையிலிருந்து எடுத்த பச்சையத்தை வைத்துச் சிவப்பு வெளிச்சத்திலேயே பாலிமர் செய்தது. கீரைக்கட்டு இலை வெயிலில் செய்கிற எலக்ட்ரான் கைமாற்றத்தையே கடன் வாங்கியிருக்கிறார்கள். இது என் மீட்டருக்கு எட்டாத உலகம், ஆனால் படிக்கப் படிக்கச் சந்தோஷம்.

பாளையங்கோட்டை டாக்டரிடம் வருகிறேன். பொருக்கைச் சுரண்டும் முன்னால் நான் செய்த வேலை இது. என் பையில் லேத்தில் கடைந்து வாங்கிய பித்தளைத் துண்டு ஒன்று இருக்கும். நடுவில் 4 மில்லிமீட்டர் துளை. அதில் அவருடைய பசையை நிரப்பி, இரண்டு பக்கமும் பிளாஸ்டிக் ஸ்ட்ரிப்பை வைத்து, அவருடைய லைட்டை அவரையே 20 விநாடி காட்டச் சொன்னேன். பின்னால் இருந்து ஆணியால் தள்ளி வெளியே எடுத்து, அடிப்பக்கத்துக் களியைப் பிளாஸ்டிக் கரண்டியால் வழித்து எடுத்தேன். மிச்சம் நின்ற கட்டையை வெர்னியரில் அளந்தால் 2.6 மில்லிமீட்டர். இதில் பாதியைத்தான் நம்ப வேண்டும் என்பது சர்வதேசத் தர விதி. 1.3.

அப்புறம் முனையை ஸ்பிரிட்டில் துடைத்து, பொருக்கைப் பெயர்த்தேன். மீட்டர் 420-க்கு ஏறியது. முனைக் கண்ணாடியே ஸ்டெரிலைஸ் செய்து செய்து மங்கியிருந்தது. என்னிடம் இருந்த மாற்று முனையைப் போட்டதும் 930. மறுபடி அதே துளை, அதே பசை, அதே 20 விநாடி. இந்தத் தடவை 5.2. பாதி, 2.6.

டாக்டர் இரண்டு கட்டைகளையும் பக்கம் பக்கமாகக் கிட்னி டிரேயில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தார். ஒன்று அரை உளுந்து, ஒன்று முழு உளுந்து மாதிரி.

"இந்த முனை எத்தனை நாளா இப்படி இருந்திருக்கும் அண்ணா?"

"பொருக்கு இருக்கிற தடிமனைப் பார்த்தா ஒரே நாள்ல வந்தது இல்ல டாக்டர். அடுக்கடுக்கா இருக்கு."

அவர் வேறெதுவும் கேட்கவில்லை. என் கூலியை எடுத்து மேஜையில் வைத்துவிட்டு, அப்பாயின்ட்மென்ட் நோட்டை இழுத்து, பேனா மூடியைக் கழற்றி, பின்னாலிருந்து ஒவ்வொரு பக்கமாகத் திருப்பத் தொடங்கினார்.